கணக்குப் புதிரும் கைக்கருவியும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, லேப்டாப்பைத் திறந்து எண் கணக்குகளுக்குப் புரோகிராம் எழுதுவதும், அதற்குச் சின்னச் சின்னக் கருவிகள் செய்துகொள்வதும் என் பொழுதுபோக்கு. பகலில் நான் பார்ப்பதும் புரோகிராமர் வேலைதான். அதனாலேயே "வேலை முடிந்து வந்தும் அதையேவா செய்கிறாய்?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள், ஆபீஸிலும் கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் சிலர் தாங்களும் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்படி என்ன புதிர் அது?

நான் பெரும்பாலும் போடுவது 'பிராஜெக்ட் ஆய்லர்' என்ற இணையதளத்தில் வரும் கணக்குகள். கோலின் ஹியூஸ் என்பவர் 2001-இல் தொடங்கியது. இன்று 900-க்கு மேல் கணக்குகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் விடை ஒரே ஒரு எண். எந்த மொழியில் எழுதினீர்கள், எப்படி எழுதினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எண் சரியா தவறா, அவ்வளவுதான்.

முதல் கணக்கைச் சொன்னால் புரிந்துவிடும்: 1000-க்குக் கீழே 3-ஆலோ 5-ஆலோ வகுபடும் எண்களையெல்லாம் கூட்டினால் எவ்வளவு? புரோகிராம் கற்று ஒரு வாரம் ஆனவர்கூட ஒரு லூப் போட்டு, அதாவது ஒவ்வொரு எண்ணாகத் திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்லி, 2,33,168 என்று சொல்லிவிடுவார். சரி, 1000 என்ற இடத்தில் ஒன்றுக்குப் பின்னால் 18 சைபர் போட்டால்? நொடிக்கு நூறு கோடி எண்களைப் பார்க்கிற மெஷின் என்றாலும் அந்த லூப் முடிய 31 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் பள்ளியில் படித்த கூட்டுத் தொடர் போதும். 3-இன் மடங்குகளின் கூட்டுத்தொகை, 5-இன் மடங்குகளின் கூட்டுத்தொகை, இரண்டிலும் சேர்ந்துவிட்ட 15-இன் மடங்குகளைக் கழித்துவிட வேண்டும். 1,66,833 கூட்டல் 99,500 கழித்தல் 33,165. எத்தனை சைபர் போட்டாலும் மூன்று பெருக்கல்தான்.

ஒரு நிமிஷ விதி என்கிறீர்களே, அது என்ன?

சாதாரண கம்ப்யூட்டரில், சரியான வழியில் எழுதினால், எந்தக் கணக்கும் ஒரு நிமிஷத்துக்குள் முடியவேண்டும் என்று நினைத்தே கணக்குகளை அமைக்கிறார்கள். யாரும் கடிகாரம் வைத்துச் சோதிப்பதில்லை. ஆனால் என் புரோகிராம் பத்து நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்தால், நான் கவனிக்காத ஏதோ ஒன்று அந்தக் கணக்குக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

67-ஆவது கணக்கு இதற்கு நல்ல உதாரணம். முக்கோண வடிவில் 100 வரிசை எண்கள். உச்சியிலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்கமோ வலப்பக்கமோ இறங்கி அடிவரை வரும் பாதைகளில், எண்களின் கூட்டுத்தொகை அதிகமாக உள்ளது எது? ஒவ்வொரு பாதையாகப் பார்க்க முடியாது. மொத்தப் பாதைகள் 2-இன் 99-ஆவது அடுக்கு. நொடிக்கு லட்சம் கோடி பாதை பார்த்தாலும் 2,000 கோடி வருஷம் வேண்டும். அடியிலிருந்து மேலே வந்தால்? கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களில் பெரியதை எடுத்து மேல் வரிசையில் கூட்டிவிடலாம். அப்புறம் கடைசி வரிசை தேவையே இல்லை. இப்படியே ஏறினால் 4,950 கூட்டலில் உச்சியில் விடை நிற்கும். இதை முதன்முதலில் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கைப் போடுவது கம்ப்யூட்டர். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல எனக்கு ஆசை.

பெரிய எண்ணுக்கு விடை கேட்டால் நான் பெரிய எண்ணைத் தொடுவதே இல்லை. 1, 2, 3 என்று சின்ன எண்களுக்கு விடை கண்டு வரிசையாக அச்சிடச் சொல்வேன். அப்புறம் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கம்ப்யூட்டரின் வேலை பட்டியல் தருவது. அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

இந்த முறைக்கு நான் அறிந்த மிகப் பெரிய சாட்சி ராமானுஜன். ஒரு எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம் என்று ஒரு கணக்கு உண்டு. 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக ஐந்து விதம். இதைப் பிரிவினை என்பார்கள். 1-லிருந்து 14 வரை பிரிவினைகளின் எண்ணிக்கை இது:

1, 2, 3, 5, 7, 11, 15, 22, 30, 42, 56, 77, 101, 135.

இரண்டாவதிலிருந்து பாருங்கள். 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களாகவே வருகிறது. அடுத்தது 13 என்று மனம் சொல்லும். வருவது 15. பட்டியல் ரொம்பச் சின்னதாக இருந்தால் இப்படித்தான் ஏமாற்றும். நானும் ஏமாந்தேன்.

மேஜர் மக்மாஹன் என்ற ஆங்கிலேயர் 200 வரை இந்த எண்ணிக்கைகளைக் கையாலேயே கணக்கிட்டார். 200-க்கு வந்த விடை 39,72,99,90,29,388. இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டியும் ராமானுஜனும் கண்ட சூத்திரத்தைச் சரிபார்க்க அது உதவியது. அந்தப் பட்டியலைப் பார்த்த ராமானுஜன் அதில் வேறொன்றையும் கண்டார். 4, 9, 14, 19 என்று 5-ஆல் வகுத்தால் 4 மீதி வரும் எண்களை மட்டும் எடுங்கள். அவற்றின் பிரிவினைகள் 5, 30, 135, 490. எல்லாம் 5-ஆல் வகுபடும். 7-க்கும் 11-க்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த மனிதர் அதைப் பார்த்தது மட்டுமல்ல, 5-க்கும் 7-க்கும் நிரூபணமும் எழுதி 1919-இல் வெளியிட்டார்.

இதே பிரிவினையை வைத்து ஆய்லர் வரிசையில் 76-ஆவதும் 78-ஆவதும் இருக்கின்றன. எல்லா விதத்தையும் எழுதி எண்ணினால் 78-ஆவது முடியவே முடியாது. அதற்கு, இந்த வரிசைக்குப் பெயர் தந்த கணித மேதை ஆய்லரே 18-ஆம் நூற்றாண்டில் வழி வைத்திருக்கிறார். 1, 2, 5, 7, 12, 15 என்று போகும் ஐங்கோண எண்களின் தூரத்துக்குப் பின்னால் போய், இரண்டைக் கூட்டு, இரண்டைக் கழி, மறுபடி இரண்டைக் கூட்டு. 10-க்கு வேண்டுமா? 9-க்கு உரியதையும் 8-க்கு உரியதையும் கூட்டி, 5-க்கும் 3-க்கும் உரியதைக் கழிக்க வேண்டும்: 30 + 22 − 7 − 3. விடை 42. மேலே பட்டியலில் பத்தாவது இடத்தைப் பாருங்கள்.

மக்மாஹன் கையால் போட்டதும் இந்த வழியில்தான். அவர் 200 வரை போட்டதை என் லேப்டாப் கண் இமைப்பதற்குள் போட்டுவிடுகிறது. எண்கள் திரையில் வந்து விழுந்தபோது எனக்கு முதலில் அந்த மனிதரின் கை நினைவுக்கு வந்தது.

கணக்கில் பெரிய படிப்பு வேண்டுமா?

தொடங்குவதற்குப் பள்ளிக் கணக்கு போதும். காரணி, மீதி, மீப்பெரு பொதுக் காரணி, அடுக்கு. இதில் மீதி என்பதை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். நம் பத்தாம் வகுப்புப் பாடத்தில், மீதியை மட்டும் வைத்துக் கணக்கிடும் மட்டு எண்கணிதம் என்று வருகிறதே, பலரும் தேர்வோடு மறந்துவிடுவது, அதுதான் இங்கே தினசரிச் சோறு.

97-ஆவது கணக்கில் 23,57,207 இலக்கம் கொண்ட ஒரு பகா எண் வருகிறது. 2-ஐ 78,30,457 முறை பெருக்கி, 28,433-ஆல் பெருக்கி, ஒன்று கூட்டியது. அதன் கடைசிப் பத்து இலக்கம் வேண்டும். கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொரு படியிலும் தூக்கி எறியலாம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வர்க்கம், வர்க்கத்தின் வர்க்கம் என்று ஏறினால் 78 லட்சம் பெருக்கல் தேவையில்லை. 22 முறை வர்க்கம் எடுத்து, நடுநடுவே இரண்டால் பெருக்கினால் போதும்.

எந்த மொழியில் எழுதலாம்?

பைதானில் தொடங்குங்கள். முழு எண் எவ்வளவு பெரிதானாலும் அது தாங்கும். நான் சி++-இல் தொடங்கினேன், அதில் மூன்று நாள் போனது.

14-ஆவது கணக்கு. ஒரு எண் எடுங்கள். இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. இப்படியே போனால் கடைசியில் 1 வரும் என்பது கொலாட்ஸ் கணிப்பு. இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. 27-இல் தொடங்கினால் 9,232 வரை ஏறி, 111 படிகளில் 1-க்கு இறங்கும். பத்து லட்சத்துக்குக் கீழே எந்த எண்ணுக்குப் படிகள் அதிகம் என்பது கேள்வி. எளிமையான லூப். ஓட்டினேன், நிற்கவே இல்லை. லூப்பைத் திருத்தினேன், மாற்றி எழுதினேன், காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள், எந்த எண்ணில் நிற்கிறது என்று அச்சிடச் சொன்னேன். 1,13,383. அது போகும் வழியில் 248 கோடிக்கு மேல் ஏறுகிறது. நான் எண்ணுக்கு ஒதுக்கியிருந்த 32 பிட் இடம் தாங்குவது 214 கோடி சொச்சம்தான். அதைத் தாண்டியதும் எண் மைனஸாகி, மைனஸ் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 64 பிட்டுக்கு மாற்றியதும் அரை நொடியில் விடை வந்தது. லூப் முடியவில்லை என்றால் உள்ளே இருக்கும் எண்ணை அச்சிட்டுப் பார் என்ற பழக்கம் அன்று வந்தது.

பைதானிலும் ஒரு குழி உண்டு. வர்க்கமூலம் எடுக்கும்போது தசம எண்ணாக எடுத்தால் பெரிய எண்களில் கடைசி இலக்கம் தவறும். முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே தனிச் செயல்பாடு 3.8 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள்.

கருவிகள் செய்வதாகச் சொன்னீர்களே?

கருவி என்றால் யாருக்கோ விற்கிற சாஃப்ட்வேர் இல்லை. ஒரே வேலையை மூன்றாவது முறை எழுதும்போது அதை எடுத்துத் தனியாக வைப்பேன். அப்படிச் சேர்ந்தவை.

முதலில் வந்தது எரட்டோஸ்தனிஸ் சல்லடை, பகா எண்களைப் பிரித்தெடுப்பது. பத்துக் கோடி வரை சலிக்க முதலில் பைதான் பட்டியலைப் பயன்படுத்தினேன். ஒரு எண்ணுக்கு எட்டு பைட், ஆக 800 எம்பி. லேப்டாப் திணறியது. ஒரு எண்ணுக்கு ஒரு பிட், அதிலும் ஒற்றை எண்களை மட்டும் வைத்தால் 6.25 எம்பியில் முடிகிறது. 57,61,455 பகா எண்கள் அதற்குள் அடங்கிவிட்டன.

இன்னொன்று, இதுவரை முடித்த கணக்குகளையெல்லாம் வரிசையாக ஓட்டி, விடை மாறவில்லையே என்று சரிபார்த்து, எடுத்த நேரத்தையும் பக்கத்தில் காட்டுவது. ஒரு நிமிஷத்தைத் தாண்டியவை சிவப்பில் வரும். தீர்த்துவிட்டோம் என்று நான் மூடி வைத்த கணக்குகளில் எத்தனை சிவப்பில் நின்றன என்பதை அன்றுதான் பார்த்தேன். அவற்றுக்குத் திரும்பிப் போனதில்தான் அதிகம் கற்றேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 'பட்டியல்' என்று நான் பெயர் வைத்திருக்கும் சின்னக் கருவி. எந்தச் செயல்பாட்டைக் கொடுத்தாலும் முதல் ஐம்பது விடைகளை அச்சிடும். பக்கத்தில் அடுத்தடுத்த விடைகளின் வித்தியாசம், 2 முதல் 12 வரை ஒவ்வொன்றாலும் வகுத்தால் வரும் மீதி. மொத்தமே எண்பது வரி. ராமானுஜன் தலைக்குள் செய்ததில் ஒரு துளியை எனக்குத் திரையில் காட்டுகிறது. இவ்வளவு சின்னக் கருவிக்கு இவ்வளவு நன்றி வேறு எதற்கும் நான் பட்டதில்லை.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

முதலில் கம்ப்யூட்டரை மூடுவேன். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும். அப்புறம் தாம்பரம் எலக்ட்ரிக் டிரெயின். உட்கார இடம் கிடைத்தால் நோட்டு, கிடைக்காவிட்டால் மனக்கணக்கு. பாதிக் கணக்குகள் கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில்தான் உடைந்தன.

அதிலும் முடியாவிட்டால், பட்டியலில் வந்த எண்களை முழு எண் தொடர்களின் ஆன்லைன் கலைக்களஞ்சியத்தில் தேடுவேன். நீல் ஸ்லோன் 1964-இல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் குறித்துவைக்கத் தொடங்கியது, இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்களாக வளர்ந்திருக்கிறது. உங்கள் எண்களில் ஐந்தாறைக் கொடுத்தால் அது எந்தத் தொடர், யார் கண்டது, என்ன சூத்திரம் என்று சொல்லிவிடும். அங்கே போவதற்கு முன் குறைந்தது ஒரு வாரம் நானே முயல வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு உண்டு.

ஆபீஸ் வேலைக்கு இது உதவுமா?

உதவியிருக்கிறது, ஆனால் அதற்காகச் செய்யவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்று நாற்பது நிமிஷம் ஓடும். ஒவ்வொரு பில்லையும் மற்ற எல்லாப் பில்லோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. புதிய சர்வர் வாங்கவேண்டும் என்று பேச்சு. பில் எண்களை, தேடியதை உடனே எடுத்துத் தரும் டிக்‌ஷனரியில் போட்டு ஒரே சுற்றில் பார்க்கும்படி மாற்றினேன், நொடிகளில் முடிந்தது. முக்கோணக் கணக்கில் பட்ட அடி கண்ணைத் திறந்திருந்தது. இண்டர்வியூவுக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: கொஞ்சம். அதற்கென்றே வேறு பயிற்சிகள் இருக்கின்றன, அவை சீக்கிரம் பலன் தரும்.

இப்போது ஏஐ-யே போட்டுவிடுகிறதே, இனி எதற்கு?

பல கணக்குகளைப் போட்டுவிடுகிறது, உண்மை. விடை வேண்டும் என்றால் அதனிடம் கேட்கலாம். எனக்கு வேண்டியது அந்த 22 வர்க்கத்தை நானே கண்ட ராத்திரி. பைக் இருக்கிறது என்பதால் காலையில் நடப்பதை எங்கள் தெருவில் யாரும் நிறுத்தவில்லை. கருவிகளில் சலிப்பான பகுதியை, உதாரணமாக அச்சில் நெடுவரிசைகளை நேராக்குவது, கலர் காட்டுவது போன்றவற்றை, ஏஐ-யிடம் கொடுக்கிறேன். கணக்கைக் கொடுப்பதில்லை.

நீங்கள் எழுதிய புரோகிராமை அனுப்ப முடியுமா?

முதல் 100 கணக்குகளுக்கு அனுப்புகிறேன். அதைத் தாண்டியவற்றின் தீர்வைப் பொதுவில் போடவேண்டாம் என்று கணக்கு அமைப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். மேலே நான் விளக்கியிருப்பவையெல்லாம் முதல் நூறுக்குள் வருபவை. முதல் கணக்கைத் தவிர மற்றவற்றுக்குக் கடைசி விடையைச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

பிள்ளைகளுக்கு எதில் தொடங்கலாம்?

காகிதத்தில். மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்ட 6174 போதும். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்று, 3524 என்று வையுங்கள். இறங்கு வரிசையில் அடுக்கியதிலிருந்து ஏறு வரிசையில் அடுக்கியதைக் கழிக்க வேண்டும். 5432 − 2345 = 3087. மறுபடி 8730 − 0378 = 8352. மறுபடி 8532 − 2358 = 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் 6174-க்கு வந்துவிடும், வந்தால் அங்கேயே நிற்கும். என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க இதைப் போட்டு நிரப்பினாள். எல்லா எண்ணுக்கும் வருமா என்று அவளே கேட்டாள். அப்போதுதான் கம்ப்யூட்டரைத் திறந்தோம்.

இப்போது எதில் இருக்கிறீர்கள்?

டாக்ஸி எண்களில். இரண்டு கனங்களின் கூட்டலாக ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் எழுதக்கூடிய எண்கள் அவை. 1729 எல்லோருக்கும் தெரியும்: 1-இன் கனம் கூட்டல் 12-இன் கனம், 9-இன் கனம் கூட்டல் 10-இன் கனம். மருத்துவமனையில் ராமானுஜனைப் பார்க்கப் போன ஹார்டி வந்த டாக்ஸியின் எண். அடுத்தவை 4104, 13,832. மூன்று விதமாக எழுதக்கூடிய முதல் எண் 8,75,39,319. நான்கு விதம் என்றால் 69,63,47,23,09,248. இந்த நான்காவது வரை என் சொந்தப் புரோகிராமே தேடிப் போய் எட்டவேண்டும் என்று ஆசை.

கனங்களைக் கூட்டினால் அதற்குள் வரும் எண் ஜோடிகள் சுமார் 16 கோடி. எல்லாக் கூட்டுத்தொகையையும் மெமரியில் வைத்தால் 1.3 ஜிபி, அதுவும் சிக்கனமாக வைத்தால். அதனால், உள்ளே இருப்பதில் மிகச் சிறியதையே எப்போதும் முதலில் எடுத்துத் தரும் ஹீப் ஒன்று எழுதினேன். ஜோடியில் பெரிய எண் ஒவ்வொன்றுக்கும் அடுத்து வரவேண்டிய ஒரே ஒரு கூட்டுத்தொகை மட்டும் அதில் இருக்கும். எல்லாவற்றிலும் சிறியதை எடுத்து, அதே எண்ணின் அடுத்த கூட்டுத்தொகையை உள்ளே போடு. கூட்டுத்தொகைகள் ஏறுவரிசையில் வெளியே வரும், சமமானவை அடுத்தடுத்து வரும். எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 20,000-க்கும் குறைவு. மெமரி பிரச்சினை தீர்ந்தது, ஆனால் ஓடி முடிய 11 நிமிஷம். என் சிவப்புக் கோட்டுக்கு வெகு தூரம்.

சி++-க்கு மாற்றினால் நேரம் குறையும். அதற்கு முன் கன எண்களை 'பட்டியல்' கருவியில் போட்டுப் பார்த்தேன். 7-க்கான நெடுவரிசையில் 0, 1, 6 மூன்று மீதிகள் மட்டுமே திரும்பத் திரும்ப வருகின்றன. 9-க்கான நெடுவரிசையில் 0, 1, 8. சமமான இரண்டு கூட்டுத்தொகைக்கு மீதியும் சமமாகத்தான் இருக்கவேண்டும். அப்படியானால் 16 கோடி ஜோடிகளை மீதிவாரியாகச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி, ஹீப்பே இல்லாமல் ஒவ்வொரு மூட்டையையும் தனியாக வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 63-ஆல் வகுத்து மூட்டை கட்டுவதா, 13-ஐயும் சேர்த்துக்கொள்வதா என்று நோட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை ராத்திரி ஓட்டிப் பார்க்கவேண்டும்.